மண்டபத்தைப் பிடித்த டெஸ்ட் ஜோடி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். என் பக்கத்து மேசைக்காரனுக்கு பங்ஷனல் புரோகிராமிங் என்றால் விரதம் மாதிரி. அவன் எழுதும் நிரல் எதையும் மாற்றாதாம், எதையும் தொடாதாம்; ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். ஆகவே நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் தொடங்குமுன் இலை போடுகிற செட்அப், முடிந்ததும் இலை எடுக்கிற டியர்டவுன், தானாகவே ஓடும் இந்த ஹூக்குகளெல்லாம் தனக்கு வேண்டாம் என்பான்.

"என் கோடு சுத்தம்லா. கழுவுறதுக்கு என்ன இருக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுச் செயலி செய்துகொண்டிருந்தோம். அவனுடைய டெஸ்ட் ஒரு பொய் ஜோடிக்கு நாள் பதிவு செய்து, சரிபார்த்து, கடைசி வரியில் அதை அழிக்கும். நிரல் சுத்தம்தான், பதிவு போய் உட்காரும் டேட்டாபேஸ் சுத்தமா? டெஸ்ட் நடுவில் தோற்றால் கடைசி வரிக்குப் போகவே போகாது. டியர்டவுன் ஹூக் என்றால் தோற்றாலும் ஜெயித்தாலும் ஓடும். படித்துப் படித்துச் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

இதற்கிடையில் அவனுக்கே கல்யாணம் நிச்சயமானது. வருங்கால மாமியார் ஆவணியில் ஒரு முகூர்த்தம் பார்த்தார். மண்டபமும் அதேதான் வேண்டும் என்றார். பெண்ணின் அப்பா படுக்கையில் இருந்தார். வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் அந்த மண்டபத்துக்கு மட்டும்தான் அவரைக் கொண்டுவர முடியும். போன் செய்தால், அந்த நாளை யாரோ எடுத்துவிட்டார்கள். அன்று மதியம் இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு மூடினான். பாவமாக இருந்தது.

யார் அந்தப் புண்ணியவான் என்று மண்டப மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை பேரு டெஸ்ட், பொண்ணு பேரும் டெஸ்ட், பாஸ். சொந்தத்துல கட்டுறாங்க போல."

பழகிப் பார்க்கக் கொடுத்த செயலி நன்றாக ஓடுகிறதே என்று, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நிஜப் பதிவுகளையும் அவர் அதிலேயே போட ஆரம்பித்திருந்தார். எங்கள் டெஸ்டுகளும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தன; அதில் ஒன்று நடுவில் தோற்று, தன் ஜோடியை அழிக்காமல் விட்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் நண்பன் திரையில் அந்தப் பதிவைத் தேடி எடுத்தான். பிறகு, வாதாடாமல், டியர்டவுன் எழுத உட்கார்ந்தான். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம், ஆனாலும் பயம்.

"எல்லாத்தையும் அழிச்சிராதடா. டெஸ்ட் போட்டதை மட்டும் அழி. இல்லன்னா உன் கல்யாணமும் போயிரும்."

நாள் கிடைத்தது. மாமியாரிடம் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, அந்த ஜோடி பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்லிவைத்தான்.

முகூர்த்தத்தன்று பெண்ணின் அப்பாவைச் சக்கர நாற்காலியில் சாலை தாண்டிக் கொண்டுவந்தார்கள். அவர் நாற்காலியில் இருந்தபடியே அட்சதை போட்டார்.

பந்தியில் மாமியார் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பிள்ளைங்க மட்டும் விட்டுக்குடுக்கலன்னா இவரு இதப் பாத்திருக்க மாட்டாரு. அதுங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சாப்பா?"

மாலையும் கழுத்துமாக நண்பன் என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தான்.

"ஆயிருச்சு ஆன்டி," என்றேன். தினமும் ஆகிறது, ஆன கையோடு அழிந்தும் போகிறது என்பதைப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.