புனோ வேனில் பதினான்கு பேர்

பெரு நாட்டில் மலைமேல் உள்ள ஏரிக்கரை நகரம் புனோ. அதை அரைநாளில் சுற்றிக்காட்டும் வேனில்தான் என்னைப் போலவே லண்டனில் வாழும் அந்த ஈழத்துப் பெரியவரைச் சந்தித்தேன். லண்டனில் நான் இருப்பது சட்டன் பகுதியில், அவர் அருகிலுள்ள மோர்டனில். அங்கே ஒருநாளும் கண்டதில்லை.

அந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கியது. அவரோ ஒவ்வொரு நிறுத்தத்திலும், வழிகாட்டிப் பெண் எண்ணி முடித்த பிறகும் எழுந்து நின்று, ஏறியவர்களை விரல்நீட்டி எண்ணினார். எனக்கு எரிச்சல் வந்தது.

“அண்ணை, கைட் பிள்ளை எண்ணிட்டாதானே. இருங்கோ.”

“ஓம் தம்பி. சண்டைக்குள்ள ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கும் ஒராள் எண்ணினவர்தான். எல்லாரும் ஏறிட்டினம் எண்டு சொன்னவர். நான் நம்பிட்டன்.”

யாரை விட்டுவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் அவர் களைத்துத் தூங்கிவிட்டார். நானே எழுந்து எண்ணினேன். பதினான்கு, சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை எண்ணினேன்.