முதல் அட்டை

இந்த ஊரில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் முதலில் டீ போடுகிறார்கள். மான்செஸ்டருக்கு வந்து நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்கு பாதியில் நின்றது. எல்லோரும் கோப்பையோடு உட்கார்ந்து, தவறு எந்த இடத்தில் என்று நிதானமாகப் பேசினார்கள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு டீ இறங்கவில்லை. யாராவது கத்திக்கொண்டு வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸில் எனக்குப் பழகியது கத்தல்தான். அங்கே தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்தேன். பிற கம்பெனிகளின் சம்பளக் கணக்கைப் போட்டுக் கொடுப்போம். விவரங்களை அட்டைகளில் துளையிட்டு, அவற்றைக் கட்டாக அடுக்கிக் கம்ப்யூட்டருக்குள் செலுத்த வேண்டும். துளையிடுகிறவள் மேற்கு மாம்பலத்து விஜயா. புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று முன்கூட்டியே சோதித்துச் சொல்வது என் வேலை. மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஏசி அறையில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினேன். என் சுபாவத்துக்கு ஏற்ற உத்தியோகம் என்பார் அப்பா.

ஒரு தீபாவளிச் சமயம் புதிய சம்பள புரோகிராம் வந்தது. என் சோதனை அட்டைகளோடு ஜோராக ஓடியது. விஜயாவின் அட்டைகளைப் போட்டதும் முதல் அட்டையிலேயே நின்றது. மறுபடி போட்டாலும் அதே கதை. மானேஜர் வந்து நின்றுகொண்டு, "யார் பண்ணினது? முதல்ல அதைச் சொல்லு" என்றார். நான் மேலே இருந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் U என்று ஒரே ஒரு எழுத்து. மற்றபடி வெற்று அட்டை.

"என்ன விஜயா இது?"

"பிள்ளையார் சுழி, அக்கா. மெஷின்ல தமிழ் எழுத்து இல்லியே, அதான் இங்கிலீஷ்ல போட்டேன். எல்லாக் கட்டுலயும் போடுவேனே."

பழைய புரோகிராம் முதல் அட்டையைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு படிக்காமலே தள்ளிவிடும். அதனால் பிள்ளையார் இத்தனை காலமும் யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய் வந்திருக்கிறார். புதியதோ அவரையும் ஒரு தொழிலாளியாக நினைத்து ஊழியர் எண்ணைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிட்டது.

"நாளைலேர்ந்து அந்தப் பொண்ணு வர வேண்டாம்" என்றார் மானேஜர். விஜயா அழவில்லை, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அப்பாவுக்கு மில் வேலை போய்விட்டது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், ஒரு அட்டை அதிகமா வந்ததுக்கே படுத்துக்கற புரோகிராமை வெச்சுண்டு இவளை அனுப்பினா, அடுத்த மாசம் வேற ஏதாவது அட்டை வரும். அப்போ யாரை அனுப்புவேள்?"

புரோகிராம் எழுதியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மானேஜர் என்னை முறைத்துவிட்டு, "சரி, ஆக வேண்டியதைப் பாருங்கோ" என்றார். அந்த அட்டையை எடுத்துவிட்டு ஓட்டினோம். சம்பளம் தீபாவளிக்குள் போய்ச் சேர்ந்தது. அப்புறம் U அட்டை வந்தால் வழி விட வேண்டும் என்று புரோகிராமிலேயே ஒரு வரி சேர்த்தார்கள். விஜயா கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் இருந்தாள்.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நானும் வந்த பிறகு, என் சோதனைக் கட்டின் மேலே அதே மாதிரி ஒரு U அட்டை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கூட வேலை செய்யும் காலின் என்ற வெள்ளைக்காரர் அதைப் பார்த்து எதற்கு என்று கேட்டார். "முதலில் வைக்க வேண்டிய அட்டை" என்றேன். இதில் எண் எதுவும் இல்லையே என்றார். இருக்காது என்றேன். "ஓ, புரோகிராம் தவறைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே வைத்த கெட்ட அட்டையா? அருமையான யோசனை" என்று சந்தோஷப்பட்டு, சிவப்புப் பென்சிலால் அதன்மேல் 'கெட்ட அட்டை' என்று எழுதினார். விளக்கலாம் என்று வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மனசு வலித்தது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் எழுதும் எந்த புரோகிராமும் அந்த அட்டையைத் தள்ளுபடி செய்தால்தான் தேறும். தள்ளியதும் 'சரி' என்று கையெழுத்துப் போடுகிறேன். பிறகு, தள்ளிய அட்டைகள் விழும் தட்டிலிருந்து அதை எடுத்து, காலின் பார்க்காத நேரத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பவும் கட்டின் மேலே வைக்கிறேன்.