சோப்புத் தண்ணீர் நாற்பது மில்லிமீட்டர்

தையல்காரர் வீட்டுப் பெண் புவியியல் படிக்கப் போகிறாள் என்றதும் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "பூமியைப் படிச்சு என்ன பண்ணப் போறா? விலைக்கு வாங்கப் போறாளாக்கும்!" வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. அண்ணன் பெட்டியைத் தூக்கிப்போய் விடுதியில் சேர்த்துவிட்டு வந்தான்.

அப்புறம் என்ன, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். மண்ணும் மலையும் ஆறும் பிடித்துத்தான் இருந்தன. மனிதர்கள்தான் பிடிபடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு எந்த மேசைக்குப் போவது என்று நிற்பாளே, அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்தே பல நாள் பட்டினி கிடந்தாள், பாவம்.

புவியியல் துறைக் கட்டடத்துக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி உண்டு. மேலே புனல், உள்ளே பாட்டில், அவ்வளவுதான். முதலாண்டுக்காரர்கள் முறைவைத்துக் காலையில் அதில் சேர்ந்த மழையை அளந்து, துறை வாசல் கரும்பலகையில் எழுத வேண்டும். வெயிலோ கொளுத்துகிறது. பூஜ்யத்தை அளக்க யார் போவார்கள்? எல்லோருடைய முறையும் அவள் தலையில் விழுந்தது. பேச ஆளில்லாதவளுக்கு அதுவும் ஒரு வேலை என்று போனாள். 'மழைமானி' என்றே பெயரும் விழுந்தது.

ஒருநாள் பொறுக்காமல் அண்ணனுக்குப் போன் போட்டாள். "என்னால முடியலண்ணா. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடு. படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சரிம்மா, வர்றேன்" என்றான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், பாட்டிலில் தண்ணீர்! தரை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, தண்ணீரில் நுரை வேறு. கட்டடச் சுவருக்குப் பின்னால் கெக்கலிப்பு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகிற போக்கில் இது வேறயா! ஆனாலும் கை பழக்கத்தை விடுமா? அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். நேரே போய்க் கரும்பலகையில் எழுதினாள்: 'மழை: இல்லை. சோப்புத் தண்ணீர்: நாற்பது மில்லிமீட்டர்.'

பேராசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். மத்தியானத்துக்குள் துறை முழுக்க அதுதான் பேச்சு. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்றவளை ஒருத்தி கைதட்டிக் கூப்பிட்டாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் 'வக்கீல்' என்று பெயர் அவளுக்கு. சோப்புத் தண்ணீர் ஊற்றிய புண்ணியவதியும் அவள்தான்.

"ஏய், நிஜமாவே அளந்தியா?"

"அளக்காம எப்படி எழுதறது?"

"அடிப்பாவி!" என்று வக்கீல் நகர்ந்து இடம் கொடுத்தாள். தட்டில் கை காய்கிறவரை பேசினார்கள்.

சனிக்கிழமை அண்ணன் வந்து நின்றான். "பெட்டி எங்க?"

"இருந்து பாக்கறேண்ணா."

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன்டி! உனக்கென்ன பைத்தியமா?" ஆனாலும் வற்புறுத்தவில்லை. பக்கத்துச் சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டு ஊர் திரும்பினான்.

இப்போது பட்டம் வாங்கி, குடிநீர் அலுவலகத்தில் குழாய்ப் பாதைகளுக்கு வரைபடம் போடுகிறாள். பல்கலைக்கழகம் எப்படிப் பழகியது என்று யார் கேட்டாலும் இந்தச் சோப்புக் கதையைத்தான் சொல்வாள். கேட்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

மிச்சத்தை அவள் சொல்வதில்லை. அந்த வருஷ விடுமுறைக்கு ஆசை ஆசையாக வீட்டுக்குப் போனாள். அவள் கட்டில் இருந்த இடத்தில் அப்பாவின் இரண்டாவது தையல் மெஷின் இருந்தது. அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், கன்னத்தைத் தடவினாள், அலமாரியிலிருந்து மடிப்புக் கலையாத துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் கேட்பாளே, அதே கேள்வியை அவளிடமும் கேட்டாள்.

"எத்தனை நாள் இருப்ப?"