பெயின்ற் அறையில் இரண்டு தாடிகள்

அப்பா இறந்த செய்தி வந்த அன்று நான் வேலைக்குப் போனேன். கொழும்பிலிருந்து சித்தப்பாவின் மகன் போன் எடுத்துச் சொன்னான். யாழ்ப்பாணத்துக்கு அப்போது தொலைபேசி இல்லை; ஆள் வந்து ஆளிடம் சொல்லி, செய்தி கொழும்புக்கு வந்து சேரச் சில நாட்கள் எடுத்திருந்தது. கொள்ளி யார் வைத்தது என்று கேட்டேன். மாமாவின் மகன் என்றான். நான் ஒரே பிள்ளை. போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன். அழுகை வரவில்லை. பஸ்சில் இருக்க இடம் கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

கனடாவில், மல்வேர்ன் அபார்ட்மென்ற்றில் என்னோடு ஓர் அண்ணை இருந்தார். எங்கள் ஊர்தான். அன்று வேலையால் வந்ததும் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "துடக்கு, கோயிலுக்குப் போகாத. முப்பத்தொண்டு மட்டும் முகம் வழிக்காத. கொப்பருக்கு இதையெண்டாலும் செய்."

எங்கள் பக்கத்தில் தகப்பன் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் மகன் முகம் வழிப்பதில்லை. கொள்ளி, சாம்பல் அள்ளும் காடாத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவு எல்லாவற்றையும் வேறொருவன் செய்துவிட்டான். எனக்கென்று மிச்சமிருந்தது இந்தத் தாடி ஒன்றுதான். கையைக் காலை ஆட்டாமல் சும்மா இருந்தாலே முடிந்துவிடும் கடமை.

வேலை ஸ்காபரோவில், காருக்கு இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில். பெயின்ற் அடிக்கும் அறையில் நாங்கள் இரண்டு பேர். மற்றவர் பஞ்சாபிச் சீக்கியர், நாற்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை பாஜி என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். நீலத் தலைப்பாகை. தாடியைச் சுருட்டி நாடிக்குக் கீழே நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார். கையில் இரும்புக் காப்பு. சாப்பிட முதல் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார், அதற்குள் என் சாப்பாடு பாதி முடிந்திருக்கும். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ். அதைத் தமிழில் எழுதும்போது இரண்டு பேரும் கொஞ்சம் புத்திசாலிகளாகத் தெரிவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முகத்தில் ஒரு கிழமைத் தாடி வந்ததும் பாஜிக்கு ஒரே சந்தோசம். "இப்பதான் மனுசன் மாதிரி இருக்கிறாய்" என்றார். அரிக்கிறது என்றேன். எண்ணெய் வை என்றார். பிறகு ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவின் பெயர் என்ன, ஊர் என்ன, முப்பத்தோராம் நாள் எப்போது வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இங்கே எவரும் அப்பாவின் பெயரைக் கேட்டிருக்கவில்லை. நான் ஏதோ விலாசம் சொல்வதுபோலச் சொல்லி முடித்தேன்.

அந்தக் கிழமைதான் கொம்பனி புதுச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் இரும்பு வைத்த சப்பாத்து, பிறகு கண்ணாடி. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிசரைக் கடித்த கதையாக இப்போது தாடி. பெயின்ற் அறையில் நிற்பவர்கள் முகத்தோடு ஒட்டுகிற ரப்பர் மாஸ்க் போட வேண்டும், மயிர் இருந்தால் இடைவெளியால் புகை போகும், ஆகவே எல்லோரும் மழித்த முகத்தோடு வர வேண்டும் என்றார் சுப்பர்வைசர். மோசமான மனிதர் அல்ல. எங்கள் சுவாசப்பைக்குத்தானே சொல்கிறேன் என்றார். அதுவும் உண்மைதான்.

தலை முழுவதையும் மூடுகிற, குழாயால் காற்று வருகிற மாஸ்க் ஒன்று இருக்கிறது, அதற்குத் தாடி தடையில்லை என்று பாஜி கேட்டுப் பார்த்தார். யோசிக்கிறோம் என்றார்கள். யோசித்து முடியும் வரைக்கும்?

பாஜிக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். மனைவியும் மகளும் ஜலந்தர்ப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிவிட்டு நாலு வருசமாகக் காத்திருந்தார். நிரந்தர வேலை என்று கொம்பனி கடிதம் தர வேண்டும். பெயின்ற் அறையை விட்டால் பார்சல் கட்டும் பகுதிதான். அங்கே கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. மகளை அவர் விட்டுவந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாளாம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். "தாடியைக் குடுத்தா மனிசி பிள்ளை வரும். மயிரைக் கட்டி மலையை இழுக்கிறது. வந்தா மலை, போனா மயிர். உதுக்குப் போய் யோசிக்கிறாரே?" என்றார். இந்தப் பழமொழியை பாஜிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை சுப்பர்வைசர் மஞ்சள் பிளாஸ்ரிக் றேசர் ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். அங்கே கையலம்பும் சவர்க்காரம் இருந்தது. யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். நீட்டினார், வாங்கினேன், வழித்தேன். அப்பாவின் தாடி கைகழுவும் தொட்டியில் கிடந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டேன். பசித்ததுபோல இருந்தது, அவ்வளவுதான்.

பாஜி என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

பிறகு சோதனை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முகத்துக்குக் கிட்ட வாழைப்பழ மணமுள்ள எண்ணெய் ஒன்றைப் பிடிப்பார்கள். மணக்கிறதா என்று கேட்பார்கள். மணந்தால் மாஸ்க் ஒட்டவில்லை. நான் முதலில் நின்றேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. அந்த நாட்களில் மாஸ்க் இல்லாமலும் எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. பாஸ் என்றார் சுப்பர்வைசர்.

பாஜி முதல்நாளே ஆயத்தம் செய்திருந்தார். தாடியை நீட்டாக வாரி, எண்ணெய் பூசி, துணியால் நாடியோடு இறுக்கிக் கட்டியிருந்தார். வீட்டில் பலமுறை செய்து பார்த்தாராம். அதற்கு மேலே மாஸ்க்கை வைத்துப் பட்டியை இழுத்தார். சுப்பர்வைசரும் அது ஒட்ட வேண்டும் என்றே விரும்பினார், அது தெரிந்தது. ஒருமுறை சேர்ந்து சரிபண்ணிக்கூட விட்டார்.

நான் பாஜியின் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன்: "மணக்கவில்லை என்று சொல்லுங்கோ. உங்கட மூக்குக்குள்ளே அவர் எட்டிப் பார்க்கப் போறதில்லை."

எண்ணெயைக் கிட்டப் பிடித்தார்கள். பாஜி மூச்சை இழுத்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. ஒரு சொல் போதும். அந்தச் சொல்லோடு வேலையும் கடிதமும் மனைவியும் மகளும் இருந்தார்கள், தாடியும் தப்பியிருக்கும்.

"வாழைப்பழம்" என்றார்.

சுப்பர்வைசர் இன்னொருமுறை கேட்டார், வேண்டுமென்றே. பாஜி இன்னொருமுறை அதையே சொன்னார். பிறகு மாஸ்க்கைக் கழற்றித் துடைத்து மேசையில் வைத்தார்.

எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. அந்த மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். மத்தியானம் கேட்டேன், ஏன் என்று. "மணந்தது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "தாடியைக் காப்பாற்றப் பொய் சொன்னால் அந்தத் தாடி எதற்கு" என்றார். ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

அவரைப் பார்சல் பகுதிக்கு மாற்றினார்கள். இரண்டாம் கிழமை கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடிதம் கேட்டதற்கு நிரந்தர வேலை இல்லாதவருக்கு எப்படித் தருவது என்றார்கள். நான் ஒட்டுகிற மாஸ்க்கோடு தனியே பெயின்ற் அடித்தேன். வீட்டில் அண்ணை என் முகத்தைப் பார்த்து, "வேலைக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப என்ன செய்யிறது" என்றார். அவ்வளவு இலகுவாக எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணை மரக்கறி சமைத்துப் படையல் வைக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். காலையில் கீழேயிருந்து பஸர் அடித்தது. பாஜி. மைத்துனரின் காரைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். "வா, ஒரு மணித்தியாலத்தில் கொண்டுவந்து விடுகிறேன்" என்றார். எங்கே என்று கேட்கவும் எனக்கு மனமில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன்.

அவர்களுடைய குருத்துவாரா. வாசலில் ஒரு கூடை நிறையத் துணிகள் இருந்தன. பாஜி ஒன்றை எடுத்து என் தலையில் கட்டிவிட்டார். கீழே சாப்பாட்டு மண்டபத்தில் மேசை கதிரை போடுவதா, தரையில் இருந்து சாப்பிடுவதா என்று இரண்டு கிழவர்கள் சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள். காரைத் தந்த மைத்துனர் எங்களோடு வந்து நின்றார். அவர் முகம் மழித்தவர், மயிர் வெட்டியவர். "வந்த வருசமே வெட்டினேன். வேலை கிடைத்தது" என்றார் என்னிடம், நான் கேட்காமலே. பிறகு கதவோரமாகப் போய் இருந்துகொண்டார்.

மேலே விரிப்பில் எல்லோரும் இருந்தார்கள். பாடல் முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைகூப்பினார்கள். நானும் எழுந்தேன். முன்னால் நின்ற பெரியவர் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டு போனார். இடையிடையே கூட்டம் ஒரே குரலில் பதில் சொன்னது. வேண்டுதல் கேட்பவர்கள் முதலே அவரிடம் சொல்லி வைப்பார்களாம். மனைவிக்கும் மகளுக்கும் சொல்லி வைத்தீர்களா என்று பாஜியிடம் மெல்லக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "இன்று முப்பத்தொன்று" என்றார்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. விளங்காத அந்தப் பேச்சுக்கு நடுவில் அப்பாவின் பெயர். அடுத்து எங்கள் ஊரின் பெயர். இரண்டையும் கொஞ்சம் உடைத்துத்தான் சொன்னார். கூட்டம் பதில் சொன்னது.

முன்னால் வெள்ளையும் கறுப்புமாக எத்தனையோ தாடிகள். அப்பாவைக் கண்டேயிராத அவ்வளவு பேரும் அவருக்காகக் கைகூப்பி நின்றார்கள். என் கை தன்பாட்டில் கன்னத்துக்குப் போனது. அன்று காலையும் வேலைப் பழக்கத்தில் வழித்திருந்தேன்.