செவ்வாய், வெள்ளி மாத்திரை

சாவுக்குப் பயப்படுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். உடம்பு தேறிவிடுமே என்று பயந்த மனிதரைப் பார்க்க வேண்டுமானால், எண்பத்தைந்தாம் வருஷம் காரிமங்கலத்துக்கு வந்திருக்க வேண்டும். மெத்தை தைக்கிற அப்துல் சுபான். மனைவி அமீனா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது; பிள்ளை குட்டி இல்லை. முன்னால் பஞ்சு, பின்னால் பாய் என்று ஒற்றை அறையில் குடித்தனம்.

அவருக்கு இருமல் வந்தபோது ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பஞ்சு அடிக்கிறவருக்கு இருமல் வராம பன்னீரா வரும்?" என்று கேலி பேசினார்கள். அவரும் அப்படியே நம்பி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். ஒருநாள் கல்யாண மெத்தைக்குப் பஞ்சைப் பரப்பிக்கொண்டிருந்தபோது இருமினார் பாருங்கள், வெள்ளைப் பஞ்சின்மேல் இரத்தம். மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் அளவு சொல்ல வந்து நின்றிருந்தார்கள். பட்ட காலிலேதானே படும்! சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. காசநோய்க்காரர் தைத்த மெத்தையில் எந்தப் புதுப்பெண் படுப்பாள்? அதோடு தொழில் போயிற்று. சந்தை வியாபாரிகளின் கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுத்துக் கஞ்சி குடித்தார். கோணிக்குள் போகிற ராகிக்கு இருமலைக் கண்டு பயமில்லை.

தொழில் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். மனிதர்கள் போனதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்துப் பக்கம் டீக்கடை வைத்திருந்த வெங்கடாசலம் அவருக்கென்று ஒரு கிளாசை ஆணியில் தனியாக மாட்டினார். பள்ளிவாசலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசையில், தன் பக்கத்தில் நிற்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு தொழுவதை அவரே பார்த்துவிட்டார். அதன்பின் செருப்பு விடுகிற ஓரத்தில் தனியாக நின்றுகொண்டார். பேச ஆளில்லாத மனிதருக்குக் குரலே மாறிவிடும் போலிருக்கிறது. எப்போதாவது ஒரு வார்த்தை பேசினால் அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

அந்த நிலையில்தான், பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் காசநோய்க்குப் புது மருந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். ஊர்ப் பெயர் எதற்கு, விடுங்கள். அங்கே சகாயமேரி என்று ஒரு நர்ஸ். கை வேலை செய்யச் செய்ய வாய் திட்டிக்கொண்டே இருக்கும். சளியைப் பார்த்து நோயை உறுதி செய்துகொண்டு, ஒட்டிய உறை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது ஆராய்ச்சிங்க பாய். மேலருந்து டாக்டருங்க வந்து நடத்தறாங்க. உங்களுக்குச் சம்மதம்னாத்தான் சேப்போம்."

"எலிக்குப் பண்ற மாதிரியா சிஸ்டர்?"

"எலிக்கெல்லாம் பண்ணி முடிச்சாச்சு. பெரிய ஆஸ்பத்திரியில கட்டில் போட்டுப் படுக்க வச்சுப் பாத்ததும் முடிஞ்சுது. மருந்து நல்ல மருந்துதான். ஆனா, கரண்டு வந்தா வந்ததுங்கற இந்த ஆஸ்பத்திரியில, நான் ஒருத்தியே பிரசவமும் பாத்து, கொழந்தைக்குத் தடுப்பூசியும் போட்டு, உங்களுக்கும் மாத்திரை குடுத்தா வேலைக்கு ஆவுதான்னு பாக்கறதுதான் இது."

வழி இரண்டு. ஒன்று, மாத்திரையை வீட்டுக்கு வாங்கிப்போய்த் தினமும் தானே போட்டுக்கொள்வது. மற்றது, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கே வந்து நர்ஸ் கண்முன்னால் விழுங்குவது. யாருக்கு எது என்று நர்சும் தேர்ந்தெடுக்கக் கூடாது, நோயாளியும் கேட்கக் கூடாது. உறைக்குள் இருக்கிற சீட்டு சொல்வதுதான். சுபானுக்கு இரண்டாவது விழுந்தது. செவ்வாயும் வெள்ளியும், ஆறு மாதம்.

"நம்ம தலையெழுத்து எங்க போனாலும் அலைச்சல்தான்" என்று அன்றைக்கு அவர் அலுத்துக்கொண்டார்.

முதல் நாள் மாத்திரையை விழுங்கியதும், "ஒண்ணுக்குச் செவப்பாப் போவும், மருந்தோட சாயம், பயந்துக்காதீங்க" என்று சகாயமேரி சொல்லித்தான் அனுப்பினார். சுபான் எங்கே நினைவு வைத்தார்? வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர், உடம்பிலிருந்த இரத்தமெல்லாம் கொட்டுகிறது என்று அலறி அடுத்த பஸ்சிலேயே திரும்பி ஓடிவந்தார். சகாயமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காதுல என்ன பஞ்சையா அடைச்சிருக்கீங்க?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தார். சுபானுக்கு முதலில் ரோஷம் வந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொருவரோடு சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று பஸ்சில் போகும்போது நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும்தான் அவருக்குக் கிழமைகள். சகாயமேரி பானையிலிருந்து தண்ணீர் மொண்டு தம்ளரில் கொடுப்பார். எல்லோரும் குடிக்கிற தம்ளர். மாத்திரை உள்ளே போனதும், "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. ம், சரி" என்பார். வாந்தி எடுத்துவிட்டால் மருந்து வீணாகுமே என்று கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார வைப்பது விதி. அந்தக் கொஞ்ச நேரம்தான் சுபானுக்குச் சொர்க்கம். சகாயமேரி ஊசிகளைக் கொதிக்க வைத்தபடி பேசிக்கொண்டிருப்பார். புருஷன் ஓசூரில் கம்பெனி வேலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவது, மகளுக்குக் கணக்கு ஏறாதது, மாமியார் காபியைக் குறை சொல்வது. "ஏம் பாய், இந்த எலவம்பஞ்சு தலகாணி ஏன் சீக்கிரமே கட்டி தட்டிப் போவுது?" என்று கேட்பார். சுபான் பதில் சொல்லுவார். தன்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்பதும், தான் பதில் சொல்வதும், அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்வதும்! பிழைத்துக் கிடக்க இதைவிட என்ன வேண்டும் மனிதனுக்கு?

ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் சகாயமேரியே பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார்.

"ஏம் பாய், இருக்கீங்களா, போய்ச் சேந்துட்டீங்களா? நேத்து ஏன் வரல? இந்த வெயில்ல என்னை வூடு வூடாத் தேட வைக்கறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

தெரு முழுக்கக் கேட்டது. வராதவரை வீட்டுக்கே போய்த் தேட வேண்டும் என்பதும் ஆராய்ச்சியின் விதிதான். சுபானுக்கும் அது தெரியும். தெரிந்தென்ன? அமீனா போனபிறகு அந்த வாசலில் அவரைத் திட்டிய முதல் குரல் அது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

மருந்து தன் வேலையைச் செய்தது. இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. ஆறு மாதம் முடிகிற சமயத்தில் ஒரு செவ்வாயன்று சகாயமேரி சந்தோஷமாகச் சொன்னார்.

"இன்னையோட மாத்திரை முடிஞ்சுது. கடைசியா ஒரு தடவ சளி பாத்து, கிருமி இல்லைன்னு வந்துட்டா நீங்க எங்களுக்குக் கும்பிடு போட்டுட்டுப் போயிரலாம். எங்க, துப்புங்க பாப்போம்."

முக்கிப் பார்த்தும் சுபானுக்குச் சளி வரவில்லை.

"தேறுன ஒடம்புல சளி எங்கருந்து வரும்? பரவால்ல, காலையில எந்திரிச்சதும் வர்றதப் புடிச்சு வெள்ளிக்கிழமை கொண்டாங்க" என்று மூடிபோட்ட டப்பி ஒன்றைக் கொடுத்தார்.

பஸ்சில் அந்த டப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் எந்தக் கிழமைக்கு எழுந்து குளிப்பது? யார் முன்னால் வாயைத் திறப்பது? நோய் போனது யாருக்குத் தெரியப்போகிறது? ஊர் பழைய ஊர்தான். "யா அல்லா, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவட்டுமே" என்று நோய்க்காக துவா கேட்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மறுநாள் மத்தியானம், கடை காலியாக இருந்த நேரம் பார்த்து டீக்கடை வெங்கடாசலம் அவரை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். பின்பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், எனக்கும் ரெண்டு மாசமா இருமலுங்க. சாயந்தரமானா காச்சல் காயுது. ஆஸ்பத்திரிப் பக்கம் போனாத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா என் கடையில எவன் டீ குடிப்பான்? உங்களுக்குத்தான் அங்க சளி பாக்கறாங்கல்ல, உங்க சளின்னு சொல்லி என்னுதக் குடுத்து, பாத்துச் சொல்லீருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவருக்குத் தனிக் கிளாஸ் மாட்டிய அதே கை, இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார். சுபான் கேட்கவில்லை. அவர் மனம் வேறு கணக்குப் போட்டது. வெங்கடாசலத்துக்கு நோய் இருந்தால், அது தன் பெயரில் வரும். தன் பெயரில் வந்தால், இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பெஞ்சு தனக்கு உண்டு. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் வெங்கடாசலத்தின் சளியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

முடிவு செவ்வாய்க்கிழமை தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றது. ஆராய்ச்சியைப் பார்க்கிற டாக்டர் உள்ளே உட்கார்ந்திருந்தார். சகாயமேரி எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சுபானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கிருமி நிறைய இருக்கு" என்றார் டாக்டர். கோபமான ஆளில்லை, மெதுவாகத்தான் பேசினார். "சிஸ்டர், நேர்லதான் முழுங்க வச்சீங்களா? இல்ல, வேலை நெருக்கடியில எப்பவாவது கையில குடுத்து அனுப்பிட்டீங்களா? இருந்தாச் சொல்லிடுங்க. இங்க நிஜமா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவு பாடும்?"

"மாதா மேல சத்தியமா சார். ஒவ்வொரு மாத்திரையும் என் கண்ணு முன்னாலதான் முழுங்குனாரு. பாய், நீங்களே சொல்லுங்க."

சுபானால் வாயைத் திறக்க முடியவில்லை. டாக்டர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது.

"சரி. இவரைத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில சேத்துருங்க. தினம் ஊசி போடணும். சிஸ்டர், மத்தவங்களுக்கும் நீங்க எப்படிக் குடுத்தீங்கன்னு நான் விசாரிச்சாகணும்."

ஆக, பெஞ்சும் இல்லை! நோய் இருந்தால் தர்மபுரிக் கட்டில், நோய் இல்லாவிட்டால் வீடு. இது சுபானுக்கு உறைக்கும்போதே இன்னொன்றையும் கண்டார். யாரையும் திட்டாமல் இரண்டு நிமிஷம் இருக்க முடியாத சகாயமேரி, பேச்சில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது என் சளி இல்லீங்க டாக்டர்" என்றார் சுபான்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சுபானே தொடர்ந்தார். "எனக்குச் சளியே வரல. வேற ஒருத்தருது. வெளிய தெரிஞ்சாப் பொழப்புப் போயிருமின்னு கெஞ்சிக் கேட்டாரு. சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

சகாயமேரி திரும்பினார். "அடப் பாவி மனுஷா! ஒத்தாச பண்றாராமா ஒத்தாச! அந்த ஆளு இப்ப எங்க உக்காந்து எத்தன பேரு மூஞ்சில இருமிக்கிட்டு இருக்கானோ! போங்க, போயிக் கூட்டிக்கிட்டு வாங்க. அந்த ஆளு இல்லாம இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காதீங்க."

ஒத்தாசைக்காகச் செய்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சுபானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வெங்கடாசலத்தை அழைத்துவருவது சாமானியமாக இல்லை. "உன்ன நம்புனேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று கத்தினார். கத்திய வேகத்தில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பேசாமல் பஸ் ஏறினார். அவருக்கும் சளி பார்த்தார்கள், சம்மதம் கேட்டார்கள், உறையைப் பிரித்தார்கள். வீட்டு மாத்திரை விழுந்தது. ஊருக்குத் தெரியாமலே மருந்து சாப்பிடலாம், கடையும் நடக்கும். ஆனாலும் அன்றிலிருந்து அவர் சுபானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரகசியம் தெரிந்தவரைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்?

சுபானிடம் டாக்டரே பக்கத்தில் நின்று மறுபடியும் சளி எடுக்க வைத்தார். வெந்நீர் குடித்து, முதுகில் தட்டித் தட்டி, ஒரு துளி வந்தது. வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள். சுத்தம். ஒரு கிருமிகூட இல்லை.

சகாயமேரி முன்போலப் பேசவில்லை. சண்டையும் போடவில்லை, அதுதான் வேதனை. பெஞ்சில் மாத்திரைக்காக நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"முடிஞ்சுது. நல்லாச் சாப்பிடுங்க. மறுபடி இருமல் வந்தா வாங்க" என்றார்.

சுபான் எழுந்திருக்கவில்லை. துண்டை மடித்தார், பிரித்தார்.

"சிஸ்டர், செவ்வாக்கெழம நான் வரட்டுங்களா?"

"எதுக்கு?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நோயில்லாத மனிதருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை? சும்மா பேசிவிட்டுப் போக என்று சொன்னால் போதும், அவ்வளவுதான் விஷயம். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, குடும்பப் பெண் ஒருத்தியிடம் ஒரு தனி ஆள் அதை எப்படிச் சொல்வது? சுபான் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

அவர் ஏதாவது சொல்வார் என்று சகாயமேரி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ராமக்காள் என்று ஒரு கிழவி இருமிக்கொண்டே எழுந்து வந்தாள். அவள் உட்காரட்டும் என்று சுபான் எழுந்து இடம் விட்டார்.