கால் இல்லாத தண்ணீர்

எங்கள் பக்கத்தில் புதிதாக நாடகமும் நடனமும் செய்கிறவர்களோடு பேசி எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை சென்ற மாதம் என்னிடம் கேட்டது. குனிந்து செருப்பு மாட்டுவதையே இடைவேளை விட்டுச் செய்கிறவள் நான். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

வடசேரியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாரும் வெறுங்காலோடு இருந்தார்கள். "ஒரு புதிய படைப்பு எந்தப் புள்ளியில் தொடங்குகிறது?" என்று, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். அவர்களை நடத்துகிற பெண் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "முதல்ல தரையப் பாப்போம் மேடம். காலு வழுக்குமா வழுக்காதான்னு. மத்ததெல்லாம் பொறவு." மரபு, மண், வேர் என்று ஏதாவது வரும் என்று பேனாவைத் திறந்து காத்திருந்த நான் 'தரை' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

"மேடம் எப்பமாவது ஆடியிருக்கியளா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை. தண்ணீராக."

அவள் மரியாதைக்குச் சிரித்தாள். மேற்கொண்டு சொல்ல அங்கே நேரமில்லை, இங்கே இருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பி மதுரைப் பக்கம் ஏதோ ஒரு நாடகக் குழுவோடு சுற்றிவிட்டு, தாடியும் ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அப்பா தாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது கல்ஃபில் இருக்கும் தன் அக்கா மாப்பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவார். அங்கே ஒரு கிடங்கில் சாமான் எண்ணும் வேலை காலியாக இருந்ததாம். அப்பா பேசப் பேச மாமா அப்பளத்தை மிகச் சிறு துண்டுகளாக நொறுக்கிக்கொண்டிருப்பார்.

அப்பா எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைக் கமிட்டியின் செயலாளர். அந்த வருடம், ஞாயிறுதோறும் வேதப்பாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு நிகழ்ச்சி செய்துதரட்டுமா என்று மாமா கேட்டார். அப்பா நிறைய யோசித்தார். பிறகு அம்மாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "மாப்ளே, நான் உனக்காக கமிட்டியில வாக்கு குடுக்கப் போறேன். இது ஒழுங்கா நடந்தா நீ இங்கினயே இருந்து என்னமாம் செய்துக்கோ, நான் கேக்க மாட்டேன். எவனாவது வந்து என்கிட்ட ஒரு குத்தம் சொன்னாம்னா, ஓணம் கழிஞ்ச உடனே பிளேன் ஏறணும். சம்மதமா?"

"சம்மதம் அத்தான்" என்றார் மாமா. அம்மா ரசத்தைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினாள்.

மாமா பழைய கதை எதையும் எடுக்கவில்லை. எங்கள் ஊர் கடைமடை ஊர். அணையில் தண்ணீர் திறந்தால் எல்லா ஊர் வயலும் குடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு வரும், சில வருடம் வராது. அதைத்தான் நாடகமாக்கினார். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்கும் விவசாயிகளாகப் பெரிய பையன்கள். ஒவ்வொரு மடையாகத் தாண்டி வரும் தண்ணீராகப் பெண்பிள்ளைகள் எட்டுப் பேர். அதில் கடைசித் தண்ணீர் நான். எல்லாரும் வந்த பிறகு, இனிமேல் வராது என்று நினைக்கும்போது, ஒற்றைச் சாலாக வந்து காய்ந்த வயலைத் தொட வேண்டும். குண்டாக இருந்ததால் தாமதமாக வருவது எனக்கு இயல்பாகப் பொருந்தும் என்று மாமா கருதியிருக்கலாம்.

தண்ணீரின் நடையை அவர் நாற்று நடும் பெண்களிடமிருந்து எடுத்தார். அவர்கள் சேற்றில் பின்னால் பின்னால் நகர்கிற காலடியை வரப்பில் உட்கார்ந்து நாள்முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, அதை அப்படியே முன்பக்கமாகத் திருப்பினார். குதிகால் மெல்ல எழும்பும், விரல்கள் முன்னால் தடவிப் பார்க்கும், பிறகு பாதம் முழுவதும் சரியும்.

"மாமா, தண்ணிக்குக் கால் உண்டுமா?" என்று கேட்டேன்.

"உண்டும் மக்ளே. மடை திறந்தா நீ பாத்ததில்லியா? முதல்ல காலை நீட்டித்தான் பாக்கும். சூடா இருக்கா, ஆள் இருக்கா, இங்கின நம்மள சேத்துக்கிடுவாவளான்னு. அதுக்குப் பொறவுதான் உள்ள வரும்."

அதன்பிறகு எனக்கு அந்த நடை வந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

எங்கள் சபை வளாகத்தில் ஆட்டம் கூடாது. யார் எப்போது சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆகையால் மாற்றவும் முடியாது. ஆனால் ஆக்‌ஷன் சாங் செய்யலாம். பாட்டுக்கு ஏற்பக் கையால் மழை, சூரியன், பறவை எல்லாம் காட்டலாம். மாமா தன் படைப்பை ஆக்‌ஷன் சாங் என்றுதான் சொல்லியிருந்தார். ஒத்திகை பார்க்கக் கமிட்டியிலிருந்து மூத்தவர் ஒருவரும் அப்பாவும் வந்தார்கள். மூத்தவர் எங்கள் கைகளைப் பார்க்கவே இல்லை. தரையில் எதையோ தொலைத்தவர் போல எங்கள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது டான்ஸா?"

"இல்ல பெரியப்பா. ஆக்‌ஷன் சாங் ஆக்கும்."

"பொறவு காலு எதுக்குல எழும்புது?"

"தண்ணி ஓடுதுல்லா பெரியப்பா."

"தண்ணி ஓடட்டு. பிள்ளையளு ஓடாண்டாம்."

அன்றைக்கே கமிட்டி கூடித் தீர்மானித்தது. கால் தரையை விட்டு எழும்பினால் அது ஆட்டம், எழும்பாவிட்டால் அபிநயம். நீண்ட விவாதத்தின் முடிவில் கண்டெடுத்த இந்த இலக்கணத்தைப் போதகர் ஜெபம் செய்து உறுதிப்படுத்தினாராம். நடனம் குறித்து அதன்பிறகு நான் வாசித்த தடித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான வரையறையைக் கண்டதில்லை.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நின்றபடியே தண்ணீராக வர முயன்றேன். கை ஓடியது, கால் நின்றது. குடத்தில் இருக்கிற தண்ணீர் கூட அதைவிட நன்றாக ஓடும். அது போதாதென்று என் கால் என் பேச்சைக் கேட்பதையும் நிறுத்திவிட்டது. பள்ளிக்கூட வரிசையில் நிற்கும்போது குதிகால் தானாக எழும்பும். சபைக் கோயிலில் ஞானப்பாட்டு நடுவில் எழும்பும். ஒருநாள் அம்மா என் தலையைச் சீவிக்கொண்டே "ஏட்டி, காலை ஆட்டாம இரிட்டி" என்று சாதாரணமாகச் சொன்னதற்கு நான் ஓவென்று அழுதேன். அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் என் முகத்தைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். அவளுக்கும் தூக்கம் போயிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. என் கணக்கு எளிமையானது. என் கால் எழும்பினால் மாமா பிளேன் ஏறிவிடுவார்.

மாமா மட்டும் கலங்கவில்லை. "நாடகம் தொடங்கணும்னா செய்யப்பிடாதுன்னு நாலு பேரு சொல்லணும் மக்ளே. இப்பதான் நமக்கு நாடகமே கிடைச்சிருக்கு" என்றார். அம்மாவின் பெட்டியிலிருந்து நீல நைலக்ஸ் சேலை ஒன்றை எடுத்து வந்தார். கல்ஃபிலிருந்து வந்த மெல்லிய சேலை. அதை இரண்டு நெட்டைப் பையன்கள் மேடையின் இரண்டு ஓரத்திலும் நின்று எங்கள் இடுப்பு உயரத்துக்கு இழுத்துப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நாங்கள். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சேலை அலையடிக்கும், கைகள் தெரியும், கால் தெரியாது. தெரியாத கால் எழும்பியதா என்று எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட முடியாது. மூத்தவர் மறுபடி வந்து பார்த்தார். நீலத் துணியையே உற்றுப் பார்த்துவிட்டு, "இப்பம் அடக்கமா இருக்கு" என்று ஒப்புதல் தந்தார். உள்ளே எட்டுப் பேரின் கால்களும் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தன.

இவ்வளவு யோசித்த மாமா ஒன்றை யோசிக்கவில்லை. ஒத்திகை எல்லாம் நான்கு சுவருக்குள் நடந்தது. விழா வெளியே, ஓலைப் பந்தலில். அதுவும் ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற காற்று முதலில் விசாரிப்பது எங்கள் ஊரைத்தான். ஆனியில் எங்கள் ஊரில் எவரும் நைலக்ஸ் சேலையைக் கொடியில் காயப்போட மாட்டார்கள். மதுரையில் இருந்துவிட்டு வந்தவருக்கு மறந்துவிட்டது. எங்கள் ஊரிலேயே இருந்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்குப் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் முன்வரிசை நாற்காலிகளில் போதகர், மூத்தவர், மற்றக் கமிட்டிக்காரர்கள், ஓரத்தில் அப்பா. பின்னால் பாயில் சபை முழுவதும். மாமா மேடையோரம் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து எங்களிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "என்ன நடந்தாலும் பாட்டு நிக்கது வரை நீங்க நிக்காண்டாம்."

முதல் மடை கடந்தது. இரண்டாவது மடையும் கடந்தது. அப்போது ஓலை படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு பையனின் கையிலிருந்து சேலை உருவிக்கொண்டு போயிற்று. மற்றவன் பிடியை விடாமல் அதன் பின்னாலேயே இரண்டு எட்டு ஓடி, பிறகு விட்டான். நீலம் மொத்தமும் எழும்பிப் பந்தல் கம்பத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. மேடையில் நாங்கள் நின்றோம். நின்றோம் என்பது தவறு. எங்கள் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தாடி தவிர எதுவுமில்லை. பாட்டு இதோ நிற்கப்போகிறது என்று நினைத்தேன். துருத்தி ஒரு நொடி தயங்கியது, பிறகு முன்னைவிடப் பலமாக மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தது. பாட்டு நிற்கவில்லை என்றால் நானும் நிற்க முடியாது. என் முறையும் வந்துவிட்டது. எல்லாரும் பார்க்க, குதிகாலைத் தூக்கி, விரலால் தரையைத் தடவி, தனியாக மேடையின் முன்னால் வந்தேன். வந்துகொண்டே முன்வரிசையைப் பார்த்தேன்.

மூத்தவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. அவருக்கு அடுத்தவர் பந்தலின் முகட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். போதகர் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடியிருந்தார். போதகர் கண்ணை மூடியதைப் பார்த்த பின்வரிசைக்காரர்கள் ஜெபம் தொடங்கிவிட்டது என்று எண்ணித் தாங்களும் மூடிக்கொண்டார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நான் கடைசி மடை தாண்டி, காய்ந்த வயலுக்கு வந்து, விவசாயியின் காலடியில் சரிந்து படுக்கும்வரை துடைத்தார். அவ்வளவு அழுக்கு ஒரு கண்ணாடியில் ஏற இடமே கிடையாது.

பாட்டு நின்றது. அப்போது போதகர் கண்ணை மூடியபடியே "ஆமென்" என்றார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. என் கலை வாழ்க்கைக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

எனக்கோ உயிரே இல்லை. பார்க்கவே கூசும்படி ஆடிவிட்டோம், அதனால்தான் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று உறுதியாக நம்பினேன். அப்பாவுக்கு என்னைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. இனி எவனாவது ஒருவன் வந்து குற்றம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பந்தல் வாசலில் மூத்தவர் அப்பாவை நோக்கி வந்தபோது அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். அவர், "செயலாளரே, காத்து கொஞ்சம் கூடுதலாக்கும் இந்த வருசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதையும் நான் குற்றப் பட்டியலில்தான் சேர்த்துக்கொண்டேன்.

வாய்க்கால் கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால். மாமா ஆர்மோனியத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால். அம்மா கிழிந்துபோன சேலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தாள். பாதி வழியில் அப்பா திரும்பாமலே கூப்பிட்டார்.

"மாப்ளே."

"அத்தான்."

"நைலக்ஸு காத்துக்கு நிக்காது, கேட்டியா. அடுத்த வருசம் நல்ல கனத்த துணியாட்டு எடுத்துக்கோ."

மாமா ஆர்மோனியத்தை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "சரி அத்தான்" என்றபோது குரல் அவருடையது மாதிரி இல்லை. அம்மா சுருட்டிய சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கடைசியில் குற்றம் சொல்லிவிட்டார், அதுவும் அம்மாவின் சேலையைச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கல்ஃப் பேச்சையே எடுக்கவில்லை. பிரியப்போகிறவரிடம் அதைப் பேசினால் வருத்தமாக இருக்கும், அதனால்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மாமா தாடியை எடுத்தபோது பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கத்தான் என்று புரிந்துகொண்டேன். என்னிடம் ஒருவரும் எதையும் சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் வைத்து எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ராத்திரியும் நான் அந்த விமானம் பழுதாகிவிட வேண்டும் என்று ஜெபம் செய்தேன். ஓணமும் வந்தது, போயிற்று. மறுநாள் காலையில் மாமா முற்றத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காற்று எப்படி நடக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார். விமானம் தாமதம்போல என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.