லாரி வரும் வழியில் ஞானமுத்து அண்ணன்

"அத்தே, நைனா போயிட்டாரு." திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து ஞானமுத்து அண்ணனின் மகள் கிரேஸ் போனில் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பாலசமுத்திரத்தில் நம் சபையின் கல்லறைத் தோட்டத்தை இனி யார் காப்பாற்றுவார்கள் என்ற பயமே வந்தது. உங்களில் பலருக்கும் அன்று இதே பயம்தான் வந்திருக்கும்; ஒளிப்பானேன்.

அண்ணன் நம் ஆந்திர மண்டலத்தின், தமிழ்நாட்டில் ஒன்றியம் என்பார்களே அதன், பல தேர்தல் கண்ட தலைவர். நான் அவர் கட்சி உறுப்பினர். மேடையில் அவர் வேதம் பேசியதே இல்லை. ஆனால் ஓட்டு கேட்கும் நேரத்தில் கொஞ்ச நாள் ஆராதனைக்குப் போகாதீர்கள் என்று கட்சிக்காரர்கள் சொன்னபோது சிரித்தார். "ஞாயித்துக்கெழம என் சாமியையே மறைச்சிக்கினா, திங்கக்கெழம எவன் என்னை நம்பி மனு குடுப்பான்?" ஒருமுறை அதனாலேயே தோற்றார். மறுநாளே ஜெயித்தவர் வீட்டுக்கு மாலையோடு போனார், எங்களையும் இழுத்துக்கொண்டு. எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெளியூர் முதலாளிகள் நம் பக்கம் வரத் தொடங்கிய காலம் அது. கிரானைட் பட்டறை ஒன்று வந்தது. நம் பிள்ளைகளோ வேலை தேடி பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். எதிர்த்து நிற்க ஆள் இல்லை என்று தெரிந்ததும், கல்லறைத் தோட்டத்தின் நடுவே லாரிக்கு வழி கேட்டார்கள். ஒரு மதியம் கேட்பதையும் விட்டுவிட்டுக் கடப்பாரையும் லாரியுமாக வந்து நின்றார்கள்.

எங்கே தகராறு என்றாலும் சாப்பாட்டுக் கேரியரோடு போவது அண்ணனின் வழக்கம். அன்றும் தோட்டத்து வாசலில், லாரிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தயிர்சோறு பிசைந்தார்.

"துன்றவன் மேல வண்டி ஏத்த எவனுக்கும் மனசு வராது எஸ்தரு. உக்காரு."

"பயமா கீதுண்ணே."

"எனக்கு மட்டும் என்னா? கை பாரு." கை நடுங்கி, பருக்கைகள் வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தன. "பயந்துக்கினே துன்னு."

டிரைவர் பலமனேர்க்காரர். என்ஜினை நிறுத்தாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சார், நாகு கூடா ஆகலேஸ்தோந்தி" என்று தெலுங்கில் தன் பசியைச் சொல்லிக்கொண்டு இறங்கி வந்தார். அண்ணன் கேரியர் மூடியில் சோறு வைத்து நீட்டினார். அன்று லாரி திரும்பிப் போயிற்று.

இப்போது பட்டறை கைமாறிவிட்டது. அண்ணன் படுக்கையில் விழுந்ததும் புது முதலாளியின் ஆட்கள் மறுபடி வந்து தோட்டத்தை அளந்தார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் திருதிருவென்று விழித்தபோதே கண்டுபிடித்துவிட்டார்.

"மேரி பக்கத்துல எனக்கு எடம் வுட்டு வச்சிக்கீது இல்ல? அங்க வேணாம். வாசல்ல வைங்க, லாரி வர்ற வழியில." தோட்டத்தில் ஏற்கெனவே படுத்திருக்கும் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தனியா படுக்க பயமாதான் கீது. வேற வழி?"

அங்கேதான் வைத்தோம். பட்டறை ஆட்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கிட்டே வரவில்லை. என்றைக்கும் வராமல் இருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அவர் தைரியத்தைப் புகழ்ந்தீர்கள். என்னிடம் அவர் விட்டுப்போயிருப்பது அவருடைய பயம். அதை வெட்கப்படாமல் சொல்லிவிட்டு நிற்கும் பழக்கம். மண் இன்னும் காயவில்லை. சாலையில் ஹாரன் சத்தம் கேட்டாலே பயமாக இருக்கிறது. எழுந்து தோட்டத்து வாசலுக்குப் போகிறேன். அங்கே அவர் தனியாகப் படுத்திருக்கிறார்.